நாவல்களை வகைவாரியாக அடுக்குவது எப்படி?

எங்கள் குடியிருப்பு நூலகத்தில் சுமார் 600 தமிழ் நாவல்கள். எல்லாம் கோலன் பகுப்பு என்ற நூலக வகைப்பாட்டு முறையின் எண்படி நின்றன. அம்முறையில் நாவலாசிரியர் பிறந்த ஆண்டுதான் நூலின் இடத்தை முடிவு செய்கிறது. எம்99 என்றால் 1899இல் பிறந்தவர். ஒரு துப்பறியும் கதை வேண்டும் என்று வருகிறவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்? "வாசகரின் நேரத்தைச் சேமி" என்று 1931இல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன்தான் இம்முறையையும் தந்தவர். அந்த விதியை நம்பித்தான் அடுக்கை மாற்றினேன்.

முதல் படி: பகுப்பு எண்ணைத் தொடாதீர்கள். இடம் மட்டுமே மாறட்டும். கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் 'அடுக்கு இடம்' என்ற புலத்தை மட்டும் மொத்தமாகத் திருத்தினால் போதும். பதிவேடு என்றால் ஓரத்தில் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து போதும்.

இரண்டாம் படி: வகைகளைக் குறைவாக வையுங்கள். பதினொன்று வைத்துத் தொடங்கினேன். சில தட்டுகளில் மூன்று புத்தகம்கூட இல்லை. இப்போது ஐந்துதான்: வரலாறு, துப்பறிதல், குடும்பம், சமூகம், அறிவியல் புனைகதை.

மூன்றாம் படி: எந்த நாவல் எந்த வகை என்று முடிவு செய்வது. இதில்தான் இரண்டு வாரம் திணறினேன். அரண்மனையில் கொலை நடக்கும் கதை வரலாறா, துப்பறிதலா? பின்னட்டைக் குறிப்பை நம்பி வைத்தவை பல, தொடுவாரின்றிக் கிடந்தன. பிறகு இரவல் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அந்த நாவலை எடுத்தவர்கள் அடுத்து எதை எடுத்தார்கள்? பெரும்பாலும் சோழர் காலக் கதைகளை. வரலாற்றுத் தட்டுக்கே போனது. ஐயம் வந்தால் வாசகரின் அட்டையைக் கேளுங்கள். உங்கள் ரசனையைக் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு வகைக்குள்ளும் ஆசிரியர் பெயரின் அகர வரிசை. முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வையுங்கள்.

அடையாளத்துக்கு வட்ட ஒட்டிகள் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகி உதிர்ந்துவிடுகின்றன. வண்ணத் தாள் துண்டை முதுகில் வைத்து மேலே அகலமான ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை: சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை என்றார் ஒரு வாசகர். வண்ணத்தின் மேல் வ, து, கு, ச, அ என்று எழுதிவிட்டோம். தனக்குப் பிடித்த எழுத்தாளர் மூன்று தட்டுகளில் சிதறிவிட்டார் என்று ஓர் அம்மா வருந்தினார். அது நியாயமான வருத்தம். அத்தகைய எழுத்தாளர்களுக்கு, அவர்களின் மற்ற நூல்கள் எந்தெந்தத் தட்டில் உள்ளன என்று எழுதிய அட்டையை ஒவ்வொரு தட்டிலும் செருகி வைத்திருக்கிறேன்.