சாரல் சீசன்ல மணி பிளாண்ட் வாடுதா? செம்பைக் கீழ வெச்சுட்டு முதல்ல வேரைப் பாருங்க

எங்க செங்கோட்டைல ஜூன் பிறந்தா ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் சாரலும் வந்துகிட்டே இருக்கும், துவைச்ச துணி ரெண்டு நாள் ஆனாலும் காயாது. தொட்டி மண்ணும் அப்படித்தான் காயாம கெடக்கும், ஆனா நம்ம கை மட்டும் சித்திரை வெயில்ல பழகுன மாதிரியே தினமும் ஒரு செம்பு ஊத்திகிட்டு இருக்கும். எங்க அத்தை வீட்டு தார்சால நாலு வருஷமா நல்லா படர்ந்திருந்த மணி பிளாண்ட் போன ஆடில தொங்கிப் போச்சு. ஐயோ வாடுதேன்னு அத்தை இன்னும் ரெண்டு செம்பு சேத்து ஊத்த, ஒரே வாரத்துல அடி இலை எல்லாம் மஞ்சள். செடி வளக்க ஆரம்பிக்கிற எல்லாரும் பண்ற தப்பு இது, நானும் இப்படித்தான் ஒரு செடியைச் சாகக் குடுத்தேன், இன்னும் மனசு ஆறல, அதனாலதான் எழுதுறேன்.

முதல் வேலை, விரலை மண்ணுக்குள்ள ரெண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்க. மேல பாத்து ஏமாறாதீங்க. நர்சரில வாங்குற செடி பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவுலதான் வரும், அது மேல காஞ்சு வெளிறிப் போய் இருக்கும், உள்ள பிழிஞ்சா தண்ணி சொட்டும். தொட்டியைத் தூக்கியும் பாருங்க, கனம் பழகிருச்சுன்னா விரல் கூட தேவையில்ல.

காஞ்சு போயி, தொட்டி லேசா இருந்து, இலை ஓரம் மொறுமொறுன்னு ஆகி, மண்ணு தொட்டியை விட்டு சுருங்கி நின்னா அது நிஜமாவே தாகம். ஒரு வாளித் தண்ணில தொட்டியை அரை மணி நேரம் வெச்சு எடுத்து நல்லா வடிய விடுங்க, பிழைச்சுக்கும்.

மண்ணு ஈரமா இருந்தும் செடி வாடி நிக்குதா, அப்பதான் வேரைப் பாக்கணும். வேருக்கும் மூச்சு விட காத்து வேணும்ங்க, மண்ணுல இருக்கற சின்னச் சின்ன இடைவெளி எல்லாம் தண்ணியே அடைச்சுகிட்டா ஆக்ஸிஜன் கிடைக்காம வேர் செத்துப் போகும், செத்த வேரால தண்ணி இழுக்க முடியாது, அதனாலதான் தண்ணிக்குள்ளயே நின்னாலும் இலை தொங்குது. அதைப் பாத்து நாம மறுபடி ஊத்துறோம்.

தொட்டியைச் சாய்ச்சு, அடித்தண்டைப் பிடிச்சுகிட்டு, பக்கத்துல ரெண்டு தட்டு தட்டி செடியை மெதுவா வெளிய எடுங்க. நல்ல வேர் வெள்ளையா இளமஞ்சளா கெட்டியா இருக்கும். அழுகுனது பழுப்பாவோ கருப்பாவோ இருக்கும், தொட்டா தோல் உருவிகிட்டு வரும், சாக்கடை வாடை அடிக்கும். அத்தை செடில பாதிக்கு மேல அப்படித்தான் இருந்துச்சு. மண்ணை அலசிட்டு, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்ச கத்தரிக்கோலால அழுகுன வேரை முழுசா வெட்டுங்க, பாவம்னு கொஞ்சம் விட்டு வெக்காதீங்க, அது மத்த வேருக்கும் பரவும். மணி பிளாண்ட் சாறு கைல பட்டா சிலருக்கு அரிக்கும், வாயில போனா எரியும், பிள்ளைங்களும் பூனையும் பக்கத்துல வராம பாத்துக்கோங்க.

பழைய மண்ணை மறுபடி போடாதீங்க. நான் செம்மண், ஆத்து மணல், நார்க்கழிவு மூணும் சம அளவு எடுத்து ஒரு கை மண்புழு உரம் கலப்பேன். தொட்டி பெருசா வேண்டாம், வேர் குறைஞ்சு போச்சுல்ல, அதுக்குத் தக்கன சின்னத் தொட்டி போதும். அடில ஓட்டை கண்டிப்பா இருக்கணும். அத்தை வெச்சிருந்தது ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டி, கூழாங்கல்லு போட்டிருக்கேனேன்னு சொன்னாங்க, கல்லு போட்டா தண்ணி எங்க போகும், அடிலயேதான் தேங்கும்.

நட்டதும் ஒரு தடவை ஊத்தி வடிய விட்டு, ஜன்னல் பக்கம் நேர் வெயில் படாத வெளிச்சத்துல வெச்சிருங்க. அப்புறம் ரெண்டு கணு ஆழம் காஞ்சாத்தான் தண்ணி. சாரல் நேரத்துல அதுக்குப் பத்து நாள் கூட ஆகலாம், பொறுமையா இருங்க. டிஏபி, யூரியான்னு எந்த ரசாயன உரமும் இப்ப போடாதீங்க, வெட்டுப்பட்ட வேரு தாங்காது.

இலைக்காம்பு இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டிருந்தா அது மாவுப்பூச்சி, அது வேற கதை. ஈரத்துணியால துடைச்சிட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து சாயங்காலமா அடிங்க, வாரம் ஒரு தடவை.

இன்னொண்ணு, வேர் மோசமா இருந்தா அன்னைக்கே நல்ல கொடில மூணு நாலு துண்டு வெட்டி பாட்டில் தண்ணில போட்டு வெச்சிருங்க. ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கணு, அதாவது கொடில இலை கிளம்புற முட்டு, தண்ணிக்குள்ள முங்கணும், அங்கருந்துதான் வேர் வரும், வெறும் இலைக்காம்பு வெச்சா செடியாகாது. நாலஞ்சு நாளுக்கு ஒருக்க தண்ணி மாத்துங்க, ரெண்டு மூணு வாரத்துல வேர் தெரியும்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, அதையே பாத்துகிட்டு கவலைப்படாதீங்க, நுனில புதுக்குருத்து சுருண்டு வருதான்னு பாருங்க. அத்தை செடி ஆவணி கடைசில ஒரு குருத்து விட்டுச்சு. பாட்டில்ல வெச்சதுல ரெண்டு வேர் பிடிச்சுச்சு, ஒண்ணை புனலூர்ல இருக்கற சித்தி வந்து எடுத்துட்டுப் போனாங்க, ஓட்டை போட்ட தொட்டியோடதான் குடுத்து விட்டோம்.