பத்துக்குப் பன்னிரண்டு அறையில் த்ரீ-வே ஸ்பீக்கர்

சேலத்து வீடுகளில் பாட்டுக் கேட்கும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். மேலே கான்கிரீட், சுற்றிலும் சிமென்ட் பூசிய சுவர், கீழே டைல்ஸ், உயரமும் பத்தடி. இங்கே பேஸ் (தாழ்ந்த ஒலி) குமுறினால் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை தேங்குகிறது. ஒலியின் வேகத்தை (வெயில் நாளில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர்) சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57. அகலமும் உயரமும் ஒரே அளவாக இருந்தால் அந்த 57 இன்னும் வீங்கும். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன யூனிட்) குமிழை எவ்வளவு திருகினாலும் இது போகாது. அதனால் முதலில் இடம், கடைசியில்தான் குமிழ்.

பாக்ஸ்களைப் பத்தடிச் சுவரோரம், நீளவாக்கில் பார்க்கும்படி வையுங்கள். மூலை கூடவே கூடாது. பின்சுவரிலிருந்து வூஃபர் (பேஸ் தரும் பெரிய யூனிட்) முகம் 75 செ.மீ. தள்ளி இருந்தால், போய்த் திரும்பும் அலை ஏறக்குறைய 117 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை அடித்துவிடும், அந்த இடத்தில் ஒலி பள்ளமாகும். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நாதம் மெலிந்து கேட்கிறதா? பத்துப் பத்து செ.மீ. ஆக நகர்த்துங்கள், பள்ளம் வேறிடத்துக்குப் போகும். பக்கச் சுவருக்கான தூரமும் இதே அளவாக இருந்துவிடக் கூடாது. இரண்டு பள்ளமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

நாற்காலியைப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் மிதமிஞ்சும். சரியாக அறை நடுவில் போட்டால் 48 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். சுவரிலிருந்து இரண்டரை அடி விட்டு உட்காருங்கள். ஸ்பீக்கருக்கு மிக அருகே போனால் வூஃபர், மிட் (நடு ஒலி தருவது), ட்வீட்டர் என மூன்று யூனிட்டும் தனித்தனியாகக் கேட்கும், ஆறடியாவது வேண்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்து கேட்பவர்கள் உயரமான பாக்ஸின் பின்புறம் சின்ன மரக்கட்டை கொடுத்து முன்னால் சாய்க்கலாம்.

இன்னும் குமுறினால் பாக்ஸின் போர்ட்டில் (காற்றுத் துளை) ஒரு சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்கள். ஜமக்காளம் காதைக் கூசவைக்கும் உச்ச ஒலியைத்தான் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை மேல் பேஸைக் கொஞ்சம் அடக்கும்.

இனி லெவல். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல் ஒலி) ஓடவிட்டு, போனை உட்காரும் இடத்தில் வைத்து அளவுச் செயலியில் பாருங்கள். போன் மைக்கின் எண்களை அப்படியே நம்ப முடியாது. இடது வலது ஒப்பிடப் போதும். நெசவு நடக்கும் அம்மாபேட்டைப் பக்கம் என்றால் தறி நிற்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ட்வீட்டர் 3 டெசிபல் குறைய வேண்டும் என்றால், 8 ஓம் யூனிட்டுக்குத் தொடரில் 2.2 ஓம் ரெசிஸ்டர், ட்வீட்டருக்கு இணையாக 18 ஓம் ரெசிஸ்டர், இரண்டும் 10 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய வகை). இவை கிராஸ்ஓவருக்கு (ஒலியை மூன்று யூனிட்டுக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) பிறகு வர வேண்டும். தொடர் ரெசிஸ்டரை மட்டும் போட்டால் கிராஸ்ஓவர் பார்க்கும் ஓம் மாறி, வெட்டும் இடமே நகர்ந்துவிடும்.

மிட் யூனிட்டின் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருந்தால் பதறி மாற்ற வேண்டாம். பல கிராஸ்ஓவர்களில் வேண்டுமென்றேதான் அப்படி இணைத்திருப்பார்கள்.

ஏற்காட்டு வீடுகளில் மரப்பலகைக் கூரை இருந்தால் பேஸ் கசிந்து மெலியும். அங்கே பாக்ஸைச் சுவரோடு நெருக்கலாம். பனி ஈரத்தில் லெவல் குமிழ் கரகரக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இருபது முறை முழுக்கத் திருப்பினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.