டிசி கேட்கும் முன்: படிக்கும்போதே தாயாகும் மாணவிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தால் முதுகலை வகுப்பில் இரண்டு மூன்று கழுத்துகளில் புது மஞ்சள் கயிறு தெரியும். அடுத்த செமஸ்டரில் அவர்களில் ஒருத்தி மாமியாரோடு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். கையில் நாலாக மடித்த வெள்ளைத் தாள் இருக்கும். "டிசி குடுத்துருங்க மேடம். எட்டு மாச வயித்தோட காலேஜ் பஸ்ஸுல எப்படிங்க அனுப்பறது? கொழந்தை பொறந்து ஒரு வருசம் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாமுங்க."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளை மேல் இருக்கும் அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் நான் பார்த்தவரை, அப்படி டிசி வாங்கிப் போனவர்களில் திரும்பி வந்து முடித்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் இதைத்தான் முதல் தவறு என்பேன்.

டிசி வாங்கினால் பெயர் நீங்கிவிடும். அப்புறம் வர நினைத்தால் புதிதாகச் சேருவது போலத்தான். இடம் இருக்க வேண்டும், சிலபஸ் மாறாமல் இருக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பெண்ணாக இருந்தால் அதுவும் நின்றுபோகும். டிசி வாங்காமலே, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடுவதும் இதே மாதிரிதான். கொஞ்ச நாளில் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு விழும்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. அதன் பெயர் 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் தக்க காரணம் காட்டி, முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒரே தடவையாக ஓராண்டு வரை இந்த இடைவெளி எடுக்கலாம். திரும்பி வந்து விட்ட செமஸ்டரிலிருந்து தொடரலாம். கலை அறிவியல் கல்லூரிகளில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மறுசேர்க்கை விதிப்படி நடக்கும். முன்கூட்டியே கேட்பதுதான் இதில் முக்கியம். தேர்வுக்குப் பதியும் கடைசித் தேதி தாண்டிய பிறகு வந்து கேட்டால், கொடுக்க நினைக்கிற முதல்வருக்கும் கை கட்டிப்போகும்.

அடுத்த தவறு மறைப்பது. இது எனக்கு மனசை ரொம்ப வருத்துகிற விஷயம். மசக்கையில் மூன்று வாரம் வர முடியவில்லை. வெளியே சொல்ல வெட்கம், கண் படும் என்ற பயம் வேறு. தெரிந்த டாக்டரிடம் 'மஞ்சள் காமாலை' என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். என் வகுப்பில் ஒரு பெண் அப்படித்தான் செய்தாள். 20 நாள் விடுப்பு போய்விட்டது. ஏழாவது மாதம் ரத்த அழுத்தம் ஏறி டாக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னபோது, மருத்துவக் காரணத்துக்குக் கிடைக்க வேண்டிய சலுகையில் பாதி அந்தப் பொய்க் காமாலையிலேயே கரைந்திருந்தது. மூன்றாம் மாதத்தில் என்ன நடந்தது என்று உண்மையை எழுதவும் வழியில்லை, கையெழுத்து அவளுடையது. அவளுடைய உடம்புக்கு நடந்தது எதுவும் தப்பில்லை. மூன்றாம் மாதமே ஒரு ஆசிரியைக்காவது தெரிந்திருந்தால் அந்த செமஸ்டரைக் காப்பாற்றியிருக்கலாம். எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். டியூட்டர், துறைத்தலைவர் இருவருக்கு மட்டும், பிரசவத் தேதி போட்ட ஸ்கேன் நகலோடு சொன்னால் போதும்.

சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் நிறைய நடக்கிறது. "மெட்டர்னிட்டி லீவு 26 வாரமாமே மேடம்" என்பார்கள். அந்த 26 வாரம் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தில், 2017-இல் செய்த திருத்தத்தால் வந்தது. அது வேலை செய்யும் பெண்களுக்கானது. தமிழக அரசு கொடுக்கும் 12 மாத விடுப்பும் அரசு ஊழியர்களுக்குத்தான். மாணவிக்கு இந்த இரண்டும் தானாக வராது.

மாணவிக்கு இருப்பது வேறு. 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாத் துணைவேந்தர்களுக்கும் கடிதம் எழுதியது. ஆராய்ச்சி மாணவிகளுக்கு மட்டுமல்ல, இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகையில் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கால நீட்டிப்பு போன்றவற்றுக்குத் தக்க விதிகளை வகுக்கச் சொன்னது. கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 60 நாள் விடுப்பு அறிவித்தது. வாளையார் தாண்டினால் கேரளம். கோவையில் படிக்கும் பெண்ணுக்கு ஒரு விதி, பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு விதி என்று இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நம் பல்கலைக்கழகங்களும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை உங்கள் மனுவில் அந்த 2021 கடிதத்தைக் குறிப்பிட்டே கேளுங்கள். கேட்காமல் எதுவும் நடக்காது.

பிஎச்.டி. மாணவிகளுக்கு நிலைமை தெளிவு. மானியக் குழுவின் ஒழுங்குமுறையே படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்கிறது. ஆய்வை முடிக்கும் உச்ச வரம்பிலும் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு உண்டு. இது தெரியாமல் கைடுக்குப் பயந்து பிரசவம் முடிந்த நாற்பதாம் நாள் லேபுக்கு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

"கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும்" என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் கூடாது. 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், மீரட் பல்கலைக்கழகத்தில் எம்.எட். படித்த ஒரு பெண்ணுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. படிப்பா, தாய்மையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அதே நீதிமன்றம் 2018-இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவிக்கு வருகைத் தளர்வு தர மறுத்தது. எந்தப் படிப்பு, அதை ஆளும் விதி என்ன என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும்.

அதனால் வருகைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்றால் 68 நாள் வர வேண்டும். நம் பக்கம் பெரும்பாலான இடங்களில் 65 சதவீதம் வரை மருத்துவக் காரணம் காட்டி, கட்டணம் கட்டி 'காண்டனேஷன்', அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, வாங்கலாம். அப்போது 59 நாள் வந்தால் போதும். அதாவது கையில் இருப்பது மொத்தம் 31 நாள். அதற்குள் பிரசவமும் அடங்கும் என்றால் அதே செமஸ்டரைத் தொடரலாம். அடங்காது என்றால், பாதியில் மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே பிரேக் எடுத்துவிடுவது நல்லது. பி.எட். படிப்பவர்களுக்கு இன்னும் இறுக்கம். பாடத்துக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். நர்சிங் படிப்பில் பட்டம் பெறும் முன் மருத்துவமனைப் பயிற்சி நாட்களை முழுதாக ஈடு செய்தாக வேண்டும். இவர்கள் பிரசவத் தேதி பயிற்சி மாதங்களில் விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, கை நிறைய வளையல் என்று அழகான சடங்கு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரி பெருந்துறையில், தாய் வீடு தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் என்றால், கட்டுச்சோறு நாளே அவள் படிப்புக்குக் கடைசி நாளாகிவிடுகிறது. ஜோசியரிடம் நாள் குறிக்கும்போது கல்லூரி காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் தேர்வு, பிராக்டிகல் முடிந்து நாள் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இதை நேராகச் சொன்னபோது ஒரு அம்மாயி உடனே, "அதுக்கென்ன கண்ணு, அடுத்த வெள்ளிக்கெழமையும் நல்ல நாள்தான்" என்றார். பல வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்லாததுதான் பிரச்சினை.

பிராக்டிகல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தியரித் தேர்வு விட்டுப்போனால் அடுத்த முறை அரியராக எழுதலாம். பிராக்டிகல் விட்டால் அடுத்து எப்போது நடத்துவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பேட்ச் பேட்சாக நடப்பதால், உங்கள் பெயரை முதல் பேட்ச்சுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தேர்வு எழுத முடியுமா என்ற சந்தேகம் இருந்தாலும் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். தேர்வு அறையைத் தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் கேளுங்கள்.

லேபில் ஃபார்மலின், பென்சீன், டொலுவீன் போன்றவற்றைக் கையாளும் வேதியியல், விலங்கியல் மாணவிகளும், எக்ஸ்ரே அறையில் நிற்கும் மாணவிகளும் 'சமாளிச்சுக்கலாம்' என்று இருக்கவே கூடாது. கர்ப்பம் தெரிந்த அன்றே மாற்று வேலை கேளுங்கள்.

அரசு உதவிகளில் நடக்கும் தவறு, பதிவைத் தள்ளிப்போடுவது. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம், நம் ஊரில் நர்சம்மா என்றால் தெரியும், பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பிக்மி (PICME) பதிவு எண் வாங்கிவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். 14,000 ரொக்கமாகத் தவணைகளில், 4,000 ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 19 வயது முடிந்திருந்தால் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் பிக்மி எண் வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதியவும் அதைக் கேட்பார்கள். பதிந்தது புகுந்த ஊரில், பிரசவம் பிறந்த ஊரில் என்பதுதான் இங்கே வழக்கம். ஆகவே தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப்போய், தாய் வீட்டு ஊர் நர்சம்மாவிடமும் காட்டிவிடுங்கள். அங்கன்வாடியில் சத்துமாவும் அந்த ஊரிலேயே கேட்கலாம்.

குழந்தை பிறந்த பிறகு வரும் தவறுகளும் இருக்கின்றன. 'படிப்புக்குப் போகணும்' என்று இரண்டாம் மாதமே தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிடுவார்கள். அவசியமில்லை. பாலைப் பீய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால், அம்மாயி பாலாடையிலோ சங்கிலோ ஊட்டிவிடுவார். பகலில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது கல்லூரியில் தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை வேண்டும். 2015-இலேயே தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பஸ் ஸ்டாண்டில் முடிந்தது கல்லூரியில் முடியாதா? மகளிர் ஓய்வறையில் ஒரு திரை, ஒரு நாற்காலி போதும், கேளுங்கள்.

இன்னொன்று. காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்த்தால் ஒட்டாமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைப் 'படிப்புக் கவலை' என்று ஒதுக்காதீர்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

எங்கள் தரப்புத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். மாணவியைக் கேட்காமல் அப்பாவுக்குப் போன் போடுவது அதில் பெரியது. 18 வயது முடிந்தவள் தன் உடம்பைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கலாம். வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்ட பெண்ணாக இருந்தால், அவள் முகவரியைச் சொல்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள். வகுப்பில் வயிற்றைப் பார்த்துக் கிண்டலாக ஒரு வார்த்தை சொல்வது, 'இந்த வருசம் எதுக்கு அவசரம்' என்று கேட்பது, இதெல்லாம் ஒரு பெண்ணை மறுநாள் வரவிடாமல் செய்துவிடும். பிரேக் கேட்டால் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகளும் உண்டு. மானியக் குழு 2018-இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

கல்லூரி மறுத்தால் அங்கேயே இருக்கும் மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 15 வேலை நாளில் அவர்கள் அறிக்கை கொடுக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். பெயர், பதிவெண், செமஸ்டர், டாக்டர் சொன்ன பிரசவத் தேதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர இயலாது, என்ன கேட்கிறீர்கள் (காண்டனேஷனா, பிரேக்கா, பேட்ச் மாற்றமா), 2021 டிசம்பர் கடிதம் பற்றி ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் ஆபீஸ் சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். "அப்பறம் வாங்கிக்கம்மா" என்றால் நகராமல் நில்லுங்கள். அந்தப் பிரதியைத் தாய் சேய் நல அட்டை வைத்திருக்கும் அதே கவரில் போட்டு வையுங்கள். கட்டுச்சோறு முடிந்து தாய் வீட்டுக்குக் கிளம்பும்போது எடுக்க மறக்கக் கூடாத கவர் அது.