இரவில் கால் மணி நேரம்: ஆன்ம சோதனை செய்யும் முறை

ஆன்ம சோதனை என்றதும் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) போகும் முன் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு. இங்கே சொல்வது, அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்க தினமும் செய்கிற பழக்கம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது குறித்துவைக்கத் தொடங்கி, 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில் இந்த முறை இருக்கிறது. அந்தச் சபையின் துறவிகள் இதை நாளுக்கு இருமுறை செய்வது வழக்கம். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிறவர்களுக்கு இரவில் ஒருமுறை, கால் மணி நேரம் போதும்.

படுக்கையில் செய்யாதீர்கள், நன்றி சொல்லி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். குடும்ப செபமாலை முடிந்த கையோடு, சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்துவிடுவது நல்லது. நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி, எதிரே சுவர்க்கடிகாரம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் மூன்று நிமிடம் நன்றி. "குடும்பத்துக்காக நன்றி, ஆரோக்கியத்துக்காக நன்றி" என்று பொதுவாகச் சொன்னால் மனம் அசையாது. இன்று நடந்ததாக இருக்க வேண்டும்: கூட்டமான பஸ்ஸில் உங்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பெண், மழைக்கு முன் துணியை எடுத்துவைத்த பக்கத்து வீட்டுக்காரர். மூன்று போதும். கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கும் நாளில், "நீர் இருந்தால், இதற்கு நன்றி" என்று சொல்லுங்கள். அதுவும் செபம்தான்.

அடுத்த ஒரு நிமிடம், கழிந்த நாளை உள்ளபடி பார்க்கக் கடவுளிடம் ஒளி கேளுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். குதித்தால், நம்மை நாமே விசாரிக்கும் காவல் நிலையமாகிவிடும் மீதி நேரம்.

பிறகு ஆறு நிமிடம். எழுந்த மணியிலிருந்து இந்த மணி வரை வரிசையாக வாருங்கள். முதலில் நினைவு, அடுத்து சொல், கடைசியில் செயல் என்பது இஞ்ஞாசியார் தரும் வரிசை. எல்லாவற்றையும் அலச நேரம் இருக்காது. மனம் எங்கே இளகியது, எங்கே சுருங்கியது என்று கவனியுங்கள். சுருங்கிய இடம் ஒன்று, இளகிய இடம் ஒன்று எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். இந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் தடம் புரளும். காலையில் நடந்த வாக்குவாதம் நினைவுக்கு வரும். அப்போது சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்லிக்கொண்டிருப்போம். மனத்தில் ஓடுவதெல்லாம் "அவன் எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று இருந்தால், சோதனை நின்று வழக்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "அதைக் கேட்டதும் எனக்குள் என்ன ஆயிற்று?" என்ற கேள்விக்குத் திரும்புங்கள். பயம், பொறாமை, அவமானம் என்று உணர்ச்சிக்குப் பெயர் வைத்ததும் பாதி வேகம் அடங்கும்.

மன்னிப்புக்கு இரண்டு நிமிடம். "பாவி நான்" என்று மொத்தமாகச் சொல்லாமல், அந்த ஒரு சொல்லை, அந்த ஒரு செயலைச் சொல்லிக் கேளுங்கள். மீதி மூன்று நிமிடம் நாளைக்கு. "பொறுமையாக இருப்பேன்" என்பதை முடிவென்று எண்ண வேண்டாம். "காலையில் அத்தை மாத்திரை கேட்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டு எழுவேன்" என்பது முடிவு: நேரம், ஆள், செயல் மூன்றும் அதில் உண்டு. ஒரு பரலோக மந்திரத்தோடு (இயேசு கற்றுத்தந்த செபம்) முடியுங்கள்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் அதை நினைத்து உறுதி எடுக்க வேண்டும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அந்தக் குறையில் எத்தனை முறை விழுந்தோம் என்று, தாளில் போட்ட கோட்டின் மேல் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு நாள். விழுந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், அடுத்தவரோடு வேண்டாம்.

சில வாரங்களில் வறட்சி வரும். செபம் கசக்கும், பூசைக்குப் போகக் கால் வராது, இத்தனை நாள் நம்பியது பொய்யோ என்று தோன்றும். இந்த நேரத்துக்கு இஞ்ஞாசியார் தரும் விதி, இந்த முறையிலேயே மிகவும் விலைமதிப்புள்ளது என்பேன்: வறட்சியில் பழைய முடிவை மாற்றாதே. தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவில் நில்லுங்கள். அன்பியக் கூட்டத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்குழு) விலகுவது, ஒரு உறவை முறிப்பது, செபத்தையே கைவிடுவது எல்லாம் தள்ளிப்போடப்பட வேண்டியவை. கால் மணியைக் குறைக்கத் தோன்றும்போது ஒரு நிமிடம் கூட்டி உட்காருங்கள். கூடவே காரணமும் தேடுங்கள். நம் அசட்டையாக இருக்கலாம். சோதிக்கப்படும் காலமாக இருக்கலாம். ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று கற்கும் காலமாகவும் இருக்கலாம். முதலாவது மட்டும்தான் உங்கள் தவறு. எல்லா வறட்சிக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர்களுக்கே இன்னொரு எச்சரிக்கை. சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொல்லி, மன்னிப்புக் கிடைத்ததா என்று உருகுவது மனச்சாட்சியின் கூர்மை அல்ல. மன்ரேசாவில் இஞ்ஞாசியாரே இதில் சிக்கி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். இப்படி இருப்பவர்கள் நாளை வரிசையாகப் பார்க்கும் ஆறு நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கி நன்றியை நீட்ட வேண்டும். ஒரே ஆன்ம ஆலோசகரின் சொல்லைக் கேட்க வேண்டும், நாலு பேரிடம் கேட்கக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல.

சந்தேகம் மறைத்து வைக்கப்படும்போதுதான் வளர்கிறது. தீய ஆவி ரகசியம் காக்கச் சொல்லும் கள்ளக் காதலனைப் போன்றது, விவேகமுள்ள ஒருவரிடம் சொன்னதும் அதன் திட்டம் உடையும் என்பது இஞ்ஞாசியாரின் கணிப்பு. மாதம் ஒருமுறை ஒருவரிடமாவது, அருட்பணியாளரோ சிஸ்டரோ பக்குவமான தோழியோ, உங்கள் நாட்களில் மனம் போன போக்கைச் சொல்லுங்கள்.

நாலைந்து பேராகக் கூடுவதானால் மூன்று சுற்று வையுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் தம் அனுபவத்தைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் அமைதி. இரண்டாவதில் தம் கருத்தை விட்டுவிட்டு, மற்றவர் சொன்னதில் தம்மைத் தொட்டதை மட்டும் சொல்ல வேண்டும். மறுபடி அமைதி. மூன்றாவதில் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேசலாம். அறிவுரை சொல்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். "இது என் தம்பிக்கும் நடந்தது" என்று தொடங்குவார். விதியை முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டால் அவரைத் தனியாகத் தடுத்து நிறுத்தும் சங்கடம் வராது. யாராவது தவறாகத் தோன்றும் ஒன்றைச் சொன்னால், முதலில் அதை நல்ல பொருளில் எடுத்துக்கொள்ள முயலுங்கள். முடியாவிட்டால், அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரையே கேளுங்கள். கேட்ட எதையும் அந்த அறைக்கு வெளியே, வீட்டுக்காரரிடம்கூட, கொண்டுபோகக் கூடாது.