யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் போடுவது எப்படி? கூடின தபால் செலவில் காசை மிச்சம் பிடிக்கும் வழிகள்

ஸ்காபரோவுக்கு ஒரு கிலோ கறித்தூள் அனுப்ப எவ்வளவு முடியும் என்று விசாரித்துவிட்டு, எப்போதோ அனுப்பிய ஒருவர் சொன்ன கணக்கை நம்பிக் காசை எண்ணி எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போகாதீர்கள். விலை மாறியிருக்கும். விலை மட்டுமா, எந்த நாடு எதை எடுக்கும், என்ன தாள் நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்த ஐந்தாறு வருசத்தில் நிறையவே மாறிவிட்டது. வீட்டில் தூள் வறுத்து இடித்து விற்கத் தொடங்கியிருக்கிற அக்காமார், பேரப்பிள்ளைக்குப் புழுக்கொடியல் அனுப்ப ஆசைப்படுகிற அம்மம்மாமார், முதன்முதலாகப் பார்சல் போடுகிற எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். தொகை எதையும் பாடமாக்க வேண்டாம், அன்றைய தொகையைக் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். எந்தச் சேவை, எத்தனை கிறாம், தாளில் என்ன எழுதுவது என்ற மூன்றும்தான் உங்கள் கையில் இருக்கிறது. காசு கூடுவதும் குறைவதும் அதில்தான்.

விலை ஏன் ஏறியது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் நல்லது. உள்ளூரில் சாதாரண கடிதத்துக்கு 15 ரூபா முத்திரை ஒட்டிய காலம் 2022 ஆகஸ்ட் 15 உடன் முடிந்தது, ஒரேயடியாக 50 ரூபா ஆக்கினார்கள். அந்த வருசம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனதும், பெற்றோலுக்கு நாங்கள் நின்ற வரிசையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுத் தபாலில் இது இன்னும் கூடுதலாக உறைக்கும். நாங்கள் இங்கே கட்டுகிற காசில் ஒரு பங்கு விமானக் கூலிக்கும், இன்னொரு பங்கு அங்கே வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கிற நாட்டின் தபால் துறைக்கும் போகிறது, இரண்டுமே ரூபாவில் இல்லை. அதோடு 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடிய உலகத் தபால் ஒன்றியத்தின் விசேட மாநாடு, 2 கிலோ வரையான சின்னப் பொதிகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிற கூலியை நாடுகள் தாங்களே நிர்ணயிக்க வழி விட்டது. அமெரிக்கா 2020 ஜூலையிலேயே அதைத் தொடங்கிவிட்டது. எங்கள் வீடுகளிலிருந்து போகிறது பெரும்பாலும் அந்தச் சின்னப் பொதிதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: நாடு எடுக்குமா என்று பாருங்கள்

பெட்டி தேடுவதற்கு முன்னமே இதைச் செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கு 800 டொலர் வரை தீர்வை இல்லாமல் போய்க்கொண்டிருந்த வசதி 2025 ஆகஸ்ட் 29 உடன் நின்றது, அந்த நாட்களில் எத்தனையோ நாடுகளின் தபால் துறைகள் அமெரிக்காவுக்கான பொதிகளை வாங்காமலே விட்டன. கனடாவில் 2024 நவம்பர் நடுவிலிருந்து டிசெம்பர் நடு வரை தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது, 2025 செப்டெம்பர் கடைசியிலும் திரும்ப வந்தது. இங்கே கந்தோர் திறந்திருந்தாலும் அங்கே கிடங்கில் கிடந்தால் என்ன பிரயோசனம்? ஆகவே புறப்படுகிற கிழமையில் கந்தோருக்கு ஒரு போன் அடித்து, “இந்த நாட்டுக்கு இப்ப பார்சல் எடுக்கிறீங்களா?” என்று கேளுங்கள். எல்லா உப தபாலகத்திலும் எல்லா வெளிநாட்டுச் சேவையும் கிடையாது என்பதால், எந்தக் கந்தோருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் அதே போனிலேயே கேட்டுவிடலாம்.

படி 2: எந்த வழியில் அனுப்புவது

முதன்முறை போகிறவர்கள் காசை விடுகிற இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பிரதி போன்ற தாள்கள் என்றால் பதிவுத் தபால் போதும், ஒப்பம் வாங்கித்தான் கொடுப்பார்கள். அவசரம் என்றால் ஈ.எம்.எஸ். என்ற விரைவுத் தபால். விசா நேர்முகத்துக்குத் திகதி கிட்ட வந்துவிட்டால் யோசிக்காமல் அதற்கே காசைக் கட்டுங்கள்.

சாமான் 2 கிலோவுக்குள் அடங்கும் என்றால் சின்னப் பொதியாகப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேளுங்கள். அதற்கு நிறை வரம்பு 2 கிலோ, அளவு வரம்பும் உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, எந்தப் பக்கமும் 60 ஐத் தாண்டக் கூடாது. 2 கிலோவுக்கு மேல் போனால் பார்சல் கணக்கு. கப்பல் தபாலில் எடுக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், மாதக்கணக்கு எடுக்கும், ஆனால் பழுதாகாத சாமானுக்கு அது மலிவு.

அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தைப் பத்துப் பதினைந்து உறவுகளுக்கு அனுப்ப வேண்டி வந்தால், “அச்சுப் பிரசுரத்துக்கு வேறு கட்டணம் இருக்கா?” என்று கேட்க மறக்காதீர்கள். அப்படி அனுப்பும்போது உள்ளே கைக்கடிதம் வைக்கக் கூடாது, வைத்தால் அது கடிதக் கணக்குக்குப் போய்விடும்.

தனியார் கூரியரோடு விலையை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி பிடிக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரிப்பது வழக்கமான கணக்கு. 40க்கு 30க்கு 25 பெட்டி என்றால் 30,000, அதை 5000 ஆல் பிரித்தால் 6 கிலோ. உள்ளே 3 கிலோ பருத்தித்துறை வடைதான் இருக்கிறது என்றாலும் 6 கிலோவுக்குத்தான் காசு. வடை, முறுக்கு, மிக்சர் மாதிரி நிறை குறைந்த, இடம் பிடிக்கிற சாமானுக்குத் தபால் பெரும்பாலும் லாபம். பத்து இருபது கிலோ என்று போனால் கார்கோக்காரரிடமும் ஒரு விலை கேளுங்கள்.

படி 3: வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று போதும். கட்டணம் படிப்படியாக ஏறுவதால், ஒரு படியை 20 கிறாம் தாண்டினாலும் அடுத்த படிக்கு முழுக்காசு கட்ட வேண்டும். சாமானை மட்டும் நிறுத்துவிட்டு 2 கிலோ சரி என்று போகிறவர்கள் கவுண்டரில் திகைத்து நிற்பதை நிறையப் பார்க்கலாம், ஏனென்றால் பெட்டி, டேப், உள்ளே திணிக்கிற பேப்பர் எல்லாம் சேர்ந்துதான் நிறை. ஆகவே வெறும் பெட்டியை முதலில் தராசில் வையுங்கள். பால்மாப் பெட்டி மாதிரித் தடித்த காட்போட் என்றால் அதுவே ஒரு சாமான் அளவு நிறை வரும். 2 கிலோவுக்குள் முடிக்க வேண்டும் என்றால் பெட்டியோடு 1900 கிறாமில் நிறுத்திக்கொள்ளுங்கள், கந்தோர்த் தராசும் உங்கள் தராசும் ஒரே கணக்குச் சொல்லும் என்று இல்லை.

படி 4: கட்டுவது

கறித்தூளை ஒரு பையில் போட்டு நூலால் கட்டி அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்து, வாயைச் சூட்டில் ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு அதையும் ஒட்டுங்கள். ஒரு பை வெடித்தால் உங்கள் பெட்டி மட்டும் இல்லை, அந்தச் சாக்கில் போகிற மற்ற ஆட்களின் சேலையும் கடிதமும் சேர்ந்து நாசம். பனங்கட்டி வெக்கைக்கு இளகும், ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றிப் பிளாஸ்ரிக் டப்பாவில் அடையுங்கள். நல்லெண்ணெய், நெய், ஊறுகாய் தபாலுக்கு வேண்டாம். பற்றரி, சென்ற் போத்தல், காசுத்தாள், நகை எதையும் வைக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் இங்கிருந்து இறைச்சி, பால் சேர்ந்த பண்டம் தபாலில் போகக் கூடாது. பால்கோவா ஆசைக்கு அனுப்பினால் சுங்கத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள். அவுஸ்திரேலியா விதை, தானியம், காய்ந்த இலை எல்லாவற்றிலும் கண்டிப்பு, அங்கே இருக்கிற பிள்ளையையே அந்த நாட்டு உயிர்ப்பாதுகாப்பு இணையத்தளத்தில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மேல் மூடியை ஒட்டாமல் கொண்டு போங்கள், உள்ளே பார்க்கக் கேட்கலாம். டேப்பையும் கத்தரிக்கோலையும் பையில் வைத்திருந்தால் அங்கேயே ஒட்டிவிடலாம்.

படி 5: முகவரி

வட்ஸ்அப்பில் வந்த முகவரியைப் பார்த்துக் கையால் எழுதும்போது கனடாவின் தபால் குறியீட்டில்தான் பிழை விழும். அது எழுத்து, இலக்கம், எழுத்து, பிறகு இலக்கம், எழுத்து, இலக்கம் என்று மாறி மாறி வரும். அதில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து வரவே வராது, வட்டமாக எது தெரிந்தாலும் அது பூச்சியம். ‘ஐ’யும் வராது, அது ஒன்று. ஸ்காபரோ என்றால் எம்1 என்று தொடங்க வேண்டும். அனுப்புகிறவர் பக்கத்தில் உங்கள் முழு முகவரியோடு யாழ்ப்பாணம் 40000 மாதிரி உங்கள் ஊர்த் தபாலகத்தின் குறியீட்டையும் எழுதுங்கள், திரும்பி வந்தால் வீடு வந்து சேர வேண்டுமே. இரண்டு பக்கத்துத் தொலைபேசி இலக்கமும் கட்டாயம்.

படி 6: சுங்கத் தாள்

இதில்தான் நான் ஆட்களைக் கெஞ்சிக் கேட்பது: அவசரப்படாதீர்கள். பெறுமதி குறைந்த பொதிக்குச் சிஎன்22 என்ற சின்னத் தாள், 300 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) பெறுமதிக்கு மேல் சிஎன்23 என்ற பெரிய தாள். எது வேண்டும் என்று கவுண்டரில் சொல்வார்கள். இப்போது இந்த விவரம் பார்சலுக்கு முன்னாலேயே கணினி வழியாக அந்த நாட்டுக்குப் போகிறது, அது இல்லாத பொதியைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். “சாப்பாட்டுச் சாமான்” என்று ஒரே சொல்லில் முடித்தால் பெட்டியை வெட்டித்தான் பார்ப்பார்கள். “மிளகாய்த்தூள், 500 கிறாம், 1 பை”, “அரிசிமா முறுக்கு, 400 கிறாம், 2 பை” என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிறையும் விலையும் போடுங்கள். பக்கத்தில் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கும். வெறும் மிளகாய்த்தூளுக்கு 090422, மல்லி, சீரகம், மிளகு சேர்த்த எங்கள் கறித்தூள் மாதிரிக் கலவைக்கு 091091.

அன்பளிப்பு என்ற கட்டத்தில் புள்ளடி போடுவதற்கு ஒரு பெறுமதி வரம்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 39 பவுண் வரைக்கும், கனடாவில் 60 கனேடிய டொலர் வரைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரைக்கும் ஆளுக்கு ஆள் அனுப்பும் அன்பளிப்புக்கு வரி கேட்பதில்லை, சாராயம், புகையிலை சேராது. ஆனால் காசு வாங்கி விற்ற சாமானுக்கு அந்தப் புள்ளடி போடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 இலிருந்து விற்பனைச் சாமானுக்கு எவ்வளவு சின்னத் தொகை என்றாலும் வற் வரி எடுக்கிறது. அதை வாங்குகிறவருக்கு முதலே சொல்லிவிடுங்கள். வாசலில் தபாற்காரர் திடீரென்று காசு கேட்டால் பார்சலை எடுக்காமல் திருப்பி விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், நட்டம் உங்களுக்கு.

படி 7: கவுண்டரிலும் பிறகும்

அடையாள அட்டை கொண்டு போங்கள். காசு கட்டினதும் பற்றுச்சீட்டில் 13 எழுத்து இலக்கம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கைக்கான ‘எல்கே’. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘ஈ’ என்றால் ஈ.எம்.எஸ்., ‘சி’ என்றால் பார்சல். நீங்கள் காசு கட்டின சேவையும் அந்த எழுத்தும் பொருந்தாவிட்டால் கவுண்டரை விட்டு நகராமல் கேளுங்கள். பிறகு சீட்டைப் படம் பிடித்து அங்கே இருக்கிறவருக்கு அனுப்பிவிடுங்கள். இலங்கையை விட்டுப் போன பிறகு அந்த நாட்டுத் தபால் துறையின் இணையத்தளத்திலும் இதே இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

போய்ச் சேராவிட்டால் முறையிட, போட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. சீட்டோடு அனுப்பிய கந்தோருக்கே போய் விசாரணைப் படிவம் கேட்டு வாங்குங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.