கரும்பு வளரும், கம்பத்தை உயர்த்துங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், உம்சிண்டோ டவுனைத் தாண்டி உள்ளே போனால் கரும்புக் காடு. அதற்குள் எங்கள் ஊர்: 22 வீடுகள், ஒரு மாரியம்மன் கோவில், பக்கத்துக் குன்றில் ஜூலு குடும்பங்கள். ஃபைபர் இன்டர்நெட் கேபிள் டவுனோடு நின்றுவிட்டது. மொபைல் டேட்டா வாங்கியே பிள்ளைகளின் பெற்றோர் ஓய்ந்துபோனார்கள். நான் ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். சரி, டவுனிலிருந்து ரேடியோ வழியாக இன்டர்நெட்டை நாமே ஊருக்கு இழுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் கடைக்கு ஓடாதீர்கள். ஃபைபர் எங்கே முடிகிறது, அங்கிருந்து உங்கள் ஊரின் எந்த மேடு கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். எங்களுக்கு டவுனில் என் மருமகனின் கடை மாடி, இங்கே கோவில் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. இடைத்தூரம் 8 கிலோமீட்டர். கோபுரத்திலேயே மாட்டலாமே என்றான் ஒரு பையன். கமிட்டிப் பெரியவர்கள் அவனை ஒரு பார்வை பார்த்தார்கள், அதோடு சரி. வெயில் நாளில் ஒருவர் டவுன் மாடியில் நின்று கண்ணாடியை ஆட்டட்டும். மினுக்கம் இங்கே தெரிந்தால் வழி இருக்கிறது.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நான் ஏமாந்தது இங்கேதான். ரேடியோ அலை கயிறு மாதிரி நேராகப் போவதில்லை, நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்துப் போகும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 8 கிலோமீட்டருக்கு நடுப்புடைப்பின் ஆரம் சுமார் 10 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 6 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். நான் அளந்தது ஜூலையில், நடுமேட்டில் கரும்பு வெட்டியிருந்த நேரம். அடுத்த வருஷம் கரும்பு மூன்று மீட்டர் எழுந்தது, சிக்னல் படுத்தது. எங்கள் முன்னோர் 1860-இலிருந்து வெட்டிய பயிர், அது எவ்வளவு உயரம் வளரும் என்று எனக்குத் தெரியாதா? ரேடியோ மாட்டிய கம்பத்தை நாலு மீட்டர் உயர்த்தின பிறகுதான் தீர்ந்தது. தைலமரத் தோப்பு குறுக்கே இருந்தால் வேறு மேடு தேடுங்கள், அது வளர்ந்துகொண்டே போகும்.

இரண்டு முனைகளிலும் டிஷ் ரேடியோ, ஊருக்குள் விசிறி போல அகலமாகப் பரப்ப ஒரு செக்டார் ஆன்டெனா. கேபிள் வெயில் தாங்கும் வெளிப்புற வகையாக, 100 மீட்டருக்குள் இருக்கட்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி அதிகமான ஊர் இது. எர்த், திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இரண்டையும் தவிர்க்காதீர்கள்.

லோட் ஷெடிங் என்று முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய காலத்தில் நாங்கள் படித்த பாடம்: தொட்டி மேல் இருக்கும் கருவிகள் மொத்தம் 25 வாட், நாளுக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். அதை நிரப்ப 200 வாட் சோலார் பலகை வையுங்கள். பேட்டரியைப் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு ஃபைபர் ஒப்பந்தத்தை எடுத்து ஊருக்கு விற்காதீர்கள். பகிர அனுமதிக்கும் ஒப்பந்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவிடம் லைசன்ஸ் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். கிழக்கு கேப்பின் மன்கோசி கிராமத்தில் 2012-இல் தொடங்கிய ஜென்ஜெலேனி என்ற, ஊர்மக்களே நடத்தும் இன்டர்நெட் கூட்டுறவும் அந்த வழியில்தான் போனது. சோலாரில் ஓடும் நிலையங்களில் போனுக்கு சார்ஜ் போட்டும் கொடுத்தார்கள். ஜென்ஜெலேனி என்றால் 'நீங்களே செய்யுங்கள்'.

கட்டணம் வீட்டுக்கு மாதம் 120 ராண்ட். அதில் 20 பேட்டரி மாற்ற ஒதுக்குகிறோம், யார் கேட்டாலும் தொடுவதில்லை. 100 எம்பி லைனில் ஒவ்வொரு வீட்டுக்கும் 10 எம்பி வேக உச்சவரம்பு வைத்தோம். இல்லாவிட்டால் ஒரு வீட்டு கேம் டவுன்லோடு மீதி 21 வீட்டையும் அழவைக்கும். காவடி நாளில் மட்டும் வரம்பை 5 ஆக்குவேன், எல்லாரும் டர்பனில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலை காட்டுவார்கள்.

அக்டோபர் மழைக்கு முன்னால் கனெக்டர்களைச் சுற்றிய ரப்பர் டேப்பைப் புதுப்பியுங்கள். என் முட்டி இப்போது ஏற விடுவதில்லை. பக்கத்துக் குன்றிலிருந்து ஒரு பெண் வந்து கற்றுக்கொண்டாள். அவள்தான் தொட்டி மேல் ஏறுகிறாள், நான் கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறேன்.