கெர்னல் விழும் முன் இந்த டிபக் அமைப்புகளைப் போட்டு வையுங்கள்

போன வாரம் பசியாறும்போது, பினாங்கின் பாயான் லெப்பாஸில் லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, போர்டு ராத்திரி நல்லா ஓடுது, காலையில வந்து பார்த்தா செத்துக் கிடக்குது. லாக் ஃபைல்ல ஒண்ணுமே இல்ல." லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் விழும் (கிராஷ் ஆகும்) நொடியில் லாக் ஃபைலின் கடைசி வரிகள் பெரும்பாலும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. அதனால் முதல் வேலை சீரியல் கேபிள். பூட் வரியில் சீரியல் போர்ட்டைக் கன்சோலாகக் கொடுத்து, வேகத்தை 115200 என்று வைத்து, இன்னொரு கணினியில் மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலைத் திறந்து வருவதையெல்லாம் ஃபைலில் பிடியுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைப் போட்டுப் பயனில்லை.

அப்புறம் கெர்னல் அமைப்பு மெனுவைத் திறக்கும் மேக் மெனுகான்ஃபிக் கட்டளையை ஓட்டி, கெர்னல் ஹேக்கிங் பகுதிக்குப் போங்கள். டிபக் இன்ஃபோவை ஆன் செய்தால்தான் விழுந்த முகவரி எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும். பில்டில் வரும் விஎம்லினக்ஸ் ஃபைலை (டிபக் தகவலோடு கூடிய கெர்னல்) பத்திரமாக வையுங்கள், வேறு பில்டின் ஃபைல் தப்பான வரியைத்தான் காட்டும்.

அடுத்தது மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் (KASAN), அதே பகுதியில் மெமரி டிபக்கிங்குக்குள் இருக்கும். 2015இல் 4.0 பதிப்பில் வந்த இதை நான் மிகவும் நம்புகிறேன், ஏனென்றால் மெமரிப் பிழை நடப்பது ஓரிடம், கெர்னல் விழுவது வேறிடம், நடுவில் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். கேசான் மட்டும் தப்பு நடந்த இடத்திலேயே கையைப் பிடிக்கும். விடுவித்த மெமரியைத் தொட்டது யார், அதை முதலில் ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று தடத்தையும் அறிக்கையில் கொடுத்துவிடும். தம்பியின் போர்டிலும் அதுதான்: லிங்க் அறுந்ததும் பஃபரை விடுவித்த ஃபங்ஷன் டைமரை நிறுத்தவில்லை, அந்த டைமர் பிறகு எழுந்து அதே பஃபரில் எழுதியது. இதன் ஜெனரிக் முறை மெமரியில் எட்டில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், வேகமும் நன்றாகக் குறையும், எனவே வாடிக்கையாளருக்குப் போகும் பில்டில் வேண்டாம்.

பூட்டு (lock) எடுப்பதில் சந்தேகம் இருந்தால் புரூவ் லாக்கிங் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். உண்மையில் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து உறைந்து நிற்பது) ஆக வேண்டியதில்லை, பூட்டுகளை எடுக்கும் வரிசை முரண்பட்டாலே சொல்லிவிடும். ஆனால் முதல் அறிக்கையோடு தன்னைத்தானே ஆஃப் செய்துகொள்ளும், ஆகவே அதைத் திருத்தி, ரீபூட் செய்து, மறுபடி ஓட்டுங்கள்.

சும்மா கூடுதல் லாக் (log) வரிகள் மட்டும் வேண்டுமா? டைனமிக் டிபக் போதும். ஒருமுறை ஆன் செய்து பில்ட் போட்டுவிட்டால், ஓடும் கெர்னலிலேயே உங்கள் டிரைவரின் டிபக் வரிகளை மட்டும் திறக்கலாம், மூடலாம்.